மூன்று தண்ணீரும் ஒரு சணல் சாக்கும்

மெஷின் கெட்டுப்போகிற நாளில்தான் எங்கள் தெருவில் எனக்கு மரியாதை. மாடியில் குடியிருக்கும் ஷூ கம்பெனிப் பெண்கள் மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு வாளியோடு வந்து என் வாசலில் நின்றார்கள். தண்ணீர் ஏறுகிற குழாயை உப்பு அடைத்து மெஷின் நின்றுவிட்டதாம்.

"ஆன்ட்டி, நீங்க காலம் பூரா கையாலதான தொவைச்சீங்க? எப்படித் தொவைக்கணும்னு சொல்லுங்களேன்."

"மெக்கானிக்குக்கு போன் போடு. அதான் வழி" என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கையால் துவைப்பதில் ஏதோ அழகு இருக்கிறதென்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களிடம் நனைந்த போர்வை ஒன்றைக் கொடுத்துப் பிழியச் சொல்லவேண்டும். மேல்விஷாரத்தில் ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் துணி துவைத்தேன். முதல் ஏழு வருஷம் கையால். அந்த ஏழு வருஷத்திலும் என் கை எவ்வளவு வேலை செய்தது என்பது தனிக்கதை. மீதிப் பன்னிரண்டு வருஷம் என்ன செய்தேன் என்று வெளியே யாருக்கும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட பெரியம்மா இருவருக்கும் இப்போது காது மந்தம். இனிச் சொன்னால் பாதகமில்லை.

நான் அணைக்கட்டுப் பக்கம் பிறந்தவள். ஆறாம் வகுப்புப் பாதியில் படிப்பு நின்றது. குடியாத்தத்தில் லுங்கித் தறிக்கு நூல் சுற்றினேன். ஆம்பூரில் ஷூவுக்குப் பசை தடவினேன். பெங்களூரில் கட்டடத்துக்கு மண் சுமந்தேன். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. யாரும் துரத்தியதில்லை. பஸ்ஸைப் பார்த்தால் ஏறிவிடுவேன், அவ்வளவுதான். நடுவில் கல்யாணமும் நடந்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் திருப்பதி போய்வருகிறேன் என்று கிளம்பினார். இன்னும் வரிசையில் நிற்கிறார் போலிருக்கிறது.

மேல்விஷாரத்துக்கு வருவதற்கு முன்னால் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே டிரம் ஓட்டுகிறவர் தொரை அண்ணன். சுண்ணாம்பில் ஊறி வந்த தோல் பலகை மாதிரி விறைத்திருக்கும். அதை மெத்தென்று ஆக்குவதற்கு டிரம்மில் ஒரு பொடி போடுவார்கள். மரத்தூள் நிறம், லேசான மாமிச வாடை. கம்பெனியில் அதை பேட் என்பார்கள். தண்ணீர், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். டிரம் சுற்றி முடிந்ததும் அண்ணன் ஒரு தோலை எடுத்துக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்குவார். விரலை எடுத்த பிறகும் ரேகை பதிந்து நின்றால் வேலை முடிந்தது. ரேகை எழும்பி மறைந்தால் இன்னும் கொஞ்சம் சுற்றவேண்டும்.

ஒரு நாள் என் விரலைக் கத்தி கிழித்தது. சுற்றியிருந்த துணி ரத்தத்தோடு அந்தத் தண்ணீரில் விழுந்துவிட்டது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ரத்தம் இருந்த இடமே தெரியவில்லை. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். கம்பெனியை விட்டு வரும்போது, காலி மூட்டைகளின் அடியில் தங்கிய பொடியைத் தொரை அண்ணனிடம் கேட்டு ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தேன். "தொவைக்கிறதுக்கா? நீ பொழைச்சுக்குவே" என்றார்.

மேல்விஷாரத்து வீட்டில் பதினான்கு பேர். எல்லாருக்கும் மேல் ஜமீலா அம்மா. அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோல் வியாபாரம் செய்கிற அம்மாவின் வீட்டுக்காரர் பாய் ஊரில் பெரிய மனிதர். வீட்டுக்குள் வந்தால் செருப்பை எங்கே விடுவது என்பதைக்கூட அம்மாவைக் கேட்டுத்தான் விடுவார்.

முதல் நாளே ஜமீலா அம்மா சொன்னார்: "பாருடி சரோஜா, எங்க வூட்ல துணி சுத்தமா இருந்தா மட்டும் பத்தாது. பாக்கா இருக்கணும். தொழுவற துணி, அதுக்குன்னு ஒரு சுத்தம் இருக்கு. மூணு தண்ணி. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி, ஒவ்வொரு தடவையும் ஒட்டப் பிழியணும்."

சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை. பின்பக்கத்துத் துவைகல்லுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். நான் அலசுவேன். அவர் "ஒண்ணு" என்பார். பிழிந்து நீட்டினால் வாங்கித் தரைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படியே பத்து எண்ணுவார். அதற்குள் ஒரு சொட்டு விழுந்தால் "ரெண்டு" வராது. மறுபடி "ஒண்ணு". பாயின் லுங்கி ஒன்று ஒரே காலையில் ஐந்து முறை "ஒண்ணு" வாங்கியிருக்கிறது.

அதிலும் எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர். சோப்பு அதில் நுரைக்காது. திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊறவைக்கவும் அழுக்கு எடுக்கவும் போர் தண்ணீர், மூன்று அலசலுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முனிசிபாலிட்டித் தண்ணீர். வெள்ளைத்துணி முதலில், குழந்தைகள் துணி அடுத்து, தோல் மண்டிக்குப் போய்வரும் ஆண்களின் சட்டை கடைசியில், அதுவும் தனி வாளியில். அந்த வாடை ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்குத் தாவும்.

இவ்வளவையும் கையால் கசக்கினால் நான் என்ன ஆவேன்? இரண்டாம் நாளே டப்பாவைத் திறந்தேன். பழைய துணியில் ஒரு கைப்பிடிப் பொடியை முடிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கலக்கி, ராத்திரியே துணிகளை அதில் ஊறவைத்தேன். வாடை தெரியாமலிருக்க இரண்டு எலுமிச்சைத் தோல். மேஜை விரிப்பில் இருந்த குருமா, குழந்தைகள் சட்டையில் இருந்த முட்டை, பால், ரத்தம் எல்லாம் கேட்காமலே கழன்றன. காலையில் அம்மா நாற்காலியைப் போடுகிறபோது நான் வெறுமனே இரண்டு கசக்குக் கசக்கிக் காட்டுவேன்.

"கைன்னா இதாண்டி கை" என்றார் ஜமீலா அம்மா.

அந்தப் பேச்சுதான் எனக்கு எமன். ஊரெல்லாம் சொன்னார். கல்யாண வீடுகளில் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். டப்பா தீரும்போதெல்லாம் நான் ராணிப்பேட்டை போய்த் தொரை அண்ணனைப் பார்த்து வந்தேன்.

பொடி கறையைத்தான் எடுக்கும். அலசுவதும் பிழிவதும் நான்தானே? ஐந்தாறு வருஷத்தில் விரல் இடுக்கெல்லாம் புண். காலையில் மணிக்கட்டு மடங்காது. ஒரு ரமலான் முடிந்து மலைபோல் துணி குவிந்திருந்தபோது மூத்த மகன் இம்தியாஸ் தம்பி, "அம்மா, மெஷின் வாங்கிடலாமா?" என்று கேட்டார். எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

"எதுக்கு?" என்றார் ஜமீலா அம்மா. "ஜாஸ்தி போனா அந்த மெஷினு இன்னா பண்ணும்? சுத்தும். சுத்தறதுக்குத்தான் சரோஜாவே இருக்காளே. இவ கை இருக்கச்சொல்ல மெஷினு எதுக்குடா பேஜாரு?"

"சரோஜாக்காவுக்குக் கை வலிக்குமேம்மா."

"வலிக்குதாடி?"

என்ன சொல்வது? வலிக்கிறது என்றால் கையின் பெருமை போகும். வலிக்கவில்லை என்றால் மெஷின் போகும். "கொஞ்சம் கம்மியா வலிக்குதும்மா" என்றேன். "பாத்தியா, கம்மியாத்தான்" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார்.

நானே போட்ட பொடியில் நானே ஊறிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மகள் ஷாகிராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வாணியம்பாடி. விருந்தின்போது சம்பந்தி அம்மாவின் பட்டுச்சேலை மேல் யாரோ ஒரு கிண்ணம் பாயாவைக் கொட்டிவிட்டார்கள். பாயா என்றால் ஆட்டுக்கால் சூப். காய்ந்தால் கோந்து. சம்பந்தி அம்மா அழாத குறை. அது அவருடைய நிக்காஹ் சேலை, கடைக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயம். எங்கள் ஜமீலா அம்மா அங்கேயே, ஐம்பது பேர் நடுவில், அறிவித்துவிட்டார்: "கடைக்கெல்லாம் குடுக்காதீங்க சம்பந்தி. எங்க சரோஜா கையில குடுங்க. வெள்ளிக்கிழமை புதுசாட்டம் அனுப்பறேன்."

வீட்டுக்கு வந்ததும் சேலையை என் மடியில் வைத்தார். "சரோஜா, எம்பொண்ணு புதுசா போன வூடு. இந்தச் சேலைல ஏதாச்சும் ஆச்சு, அவ ஆயுசு பூரா கேக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. பயமில்லை. ஆட்டுக்கால் கோந்தைத் தின்பதற்கென்றே பிறந்த பொடி என்னிடம் இருந்தது. ஆனாலும் பட்டு, நான் அதுவரை பட்டில் பொடி போட்டதில்லை. முதலில் பரீட்சை பார்ப்போம் என்று, இடுப்பில் செருகுகிற உள்முந்தியை மட்டும் வாளியில் தொங்கவிட்டேன். சம்பந்தி சேலையாயிற்றே என்ற மரியாதையில் பொடியை வழக்கத்துக்கு இரண்டு மடங்கு போட்டேன். அந்த நேரம் பார்த்து முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்தது. அண்டா, குண்டான், வாளி எல்லாம் நிரப்பி முடிக்க மதியம் ஆகிவிட்டது.

வந்து முந்தியை எடுத்தேன். பழைய பழக்கம், தொரை அண்ணன் மாதிரிக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினேன். ரேகை பதியவில்லை. விரலே அந்தப் பக்கம் போய்விட்டது.

அப்புறம் தொரை அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "பட்டு இன்னா வாழைநாராம்மா? பூச்சி வாயிலேர்ந்து வந்தது. தோல்ல இருக்கறத திங்கிற பொடி அத வுடுமா?" என்றார். அன்று அது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாப் இருக்கிற திசை. என்னுடைய இரண்டு சேலையையும் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் நின்றேன். வேலூர் பஸ் வந்தது. கூட்டம். இரண்டாவது வந்தது. படியில் ஒரு காலை வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. முந்தியை மறுபடி அதே வாளியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இப்போது விரல் அளவு ஓட்டை. சாயங்காலத்துக்குள் அது முழம் ஆகும், ராத்திரிக்குள் சேலை முழுக்கத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஷாகிராவின் முகம் ஞாபகம் வந்தது.

"ஏறும்மா, இல்ல எறங்கு" என்றார் கண்டக்டர்.

இறங்கி ஓடினேன். வாழ்க்கையில் ஏறாமல் விட்ட ஒரே பஸ் அது.

பின்வாசலில் ஜமீலா அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சேலை. வாளியிலிருந்து எடுத்து அவரே அலசியிருக்கிறார்.

"பையத் தூக்கினு போனியே, ஜன்னல்லேர்ந்து பாத்தேன்" என்றார். "ஏன் வந்தே?"

"சேலையை வாளியிலேயே வுட்டுட்டேன்மா."

அவர் ஓட்டையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராக வைத்து அதன் வழியாக என்னைப் பார்த்தார். "நல்லாத் தெரியுதுடி உன் மூஞ்சி. இப்ப சொல்லு."

டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினி வருஷமா?"

"வந்த ரெண்டாம் நாள்லேர்ந்தும்மா."

"அப்ப உன் கை?"

"கை சும்மா கூட இருந்துச்சும்மா."

டப்பாவை முகர்ந்து பார்த்தார். "தோலை மெத்துனு ஆக்கற பொடி. ஏழு வருஷமா எங்க வூட்டு ஆம்பளைங்க பனியனைப் பதம் போட்டிருக்கே. அதான் அவரு, என் பனியன் மாதிரி ஊர்ல எவன் பனியனும் இல்லன்னு சொல்லிக்கினே திரியறாரு." சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. "மூணு தண்ணி போட்டியா? அதுலயும் ஏமாத்துனியா?"

"அதுல இல்லம்மா. நீங்கதான் எதுருல குந்தினு இருந்தீங்களே."

"சரி. துணி தப்பிச்சுது. நீ தப்பிக்கல." டப்பாவைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். "ஐம்பது பேருக்கு முன்னாடி கை கைன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப அந்தக் கையக் கொண்டா."

என் வேலைக்காலத்தில் நான் நிஜமாகத் துவைத்தது அன்றைக்குத்தான்.

பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான முனிசிபாலிட்டித் தண்ணீரில் ஊறவைத்து அடித்து, மேலே நிற்கும் நுரையை மட்டும் வழித்து எடுத்தேன். பாயின் பழைய வெள்ளைப் பனியனை மடித்துக் கறைக்கு அடியில் கொடுத்தேன். ஜமீலா அம்மா எதிரே உட்கார்ந்து சேலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். கசக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஆள்காட்டி விரல் நுனியால் நுரையை ஒற்றவேண்டும். கோந்து இளகக் கொஞ்ச நேரம் விடவேண்டும். இளகினதை ஈரத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பனியனை நகர்த்தவேண்டும். மறுபடி ஒற்றவேண்டும். ஒரு தடவை எனக்குப் பொறுமை போய் லேசாகத் தேய்த்தேன். "ஏய்!" என்றார். கையை எடுத்துவிட்டேன். மூன்று மணி நேரம். நடுவில் பாய் வந்து டீ கேட்டார். இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அவரே போய்ப் போட்டுக்கொண்டார்.

கறை போனது. மூன்று தண்ணீரும் ஆயிற்று. பட்டுச் சேலையைப் பிழிய முடியாதே? பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, சுருட்டின துண்டை அம்மா தூக்கிப் பிடித்துப் பத்து எண்ணினார். சொட்டவில்லை.

மிச்சம் ஓட்டைதான். ஜமீலா அம்மா யோசித்தார். "சம்பந்தி எத்தினி ஒசரம்?"

"என் தோள் வரைக்கும் வருவாங்கம்மா."

"அப்ப ஒரு சாண் கம்மி ஆனா அவங்களுக்கு நல்லதுதான். கொசுவம் குந்தாணியாட்டம் நிக்காது." கத்தரியை வாங்கி அவரே உள்முந்தியை ஒரு சாண் வெட்டினார். ஓரத்தை அவரே மடித்துத் தைத்தார். வெட்டின துண்டை என்னிடம் கொடுத்தார். "வெச்சுக்கோ. மறுபடி பஸ் ஸ்டாப்புக்குப் போகத் தோணுனா எடுத்துப் பாரு."

தைத்து முடித்தபோதுதான் என் விரல்களைப் பார்த்தார். ஏழு வருஷம் எதிரே உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கையைக் காட்டியவர், துணியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். "இன்னாடி இது, ஊறின பேரீச்சம்பழமாட்டம்?"

நான் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டேன்.

"பொடியும் இல்லாம நீ தொவைச்சா தினம் பொழுது சாஞ்சு மக்ரிபு ஆயிடும்" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "இம்தியாஸ்! அந்த மெஷினு மூணு தண்ணி போடுமா?"

"ரெண்டு தடவை அலசும்மா."

"ஏன், அது இஸ்கோலுக்குப் போவலியா? மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

இன்னொரு தடவை அலச ஒரு பட்டன் உண்டு என்று தம்பி சொன்னார். மறுவாரம் மெஷின் வந்தது. அம்மா அதே நாற்காலியை மெஷினுக்கு எதிரே போட்டார். தண்ணீர் வெளியே கொட்டும் ஒவ்வொரு முறையும் "ஒண்ணு", "ரெண்டு" என்றார். இரண்டு முடிந்ததும் என்னைப் பார்ப்பார். நான் பட்டனை அழுத்துவேன். துணியைத் தூக்கிப் பத்து எண்ணிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "உன்னவிட நல்லாத்தான் பிழியுது" என்றார். எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் வாணியம்பாடியில் நடந்தது வேறு. சேலையைப் பார்த்த சம்பந்தி அம்மா போனிலேயே அழுதுவிட்டார். "கைன்னா கை சம்பந்தி! சேலைகூட இப்பத்தான் சரியா நிக்குது" என்றார். இனி ஜமீலா அம்மா எப்படி மெஷின் வாங்கிவிட்டோம் என்று சொல்வார்? அதனால் சம்பந்தி வருகிற நாளில் மெஷின் மேல் ஒரு போர்வை விழும். அது உள்ளே சுற்றும்போது நான் பின்பக்கத்தில் ஒரு சணல் சாக்கை நனைத்துத் துவைகல்லில் அடிக்கவேண்டும். தொப், தொப். சம்பந்தி அம்மா பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "பாவம், எத்தினி ஒழைப்பு" என்பார். வெறும் சாக்கை அடிப்பது துணியை அடிப்பதைவிடக் கஷ்டம். சாக்குக்குக் கனம் ஜாஸ்தி.

ஷாகிராவுக்கு இரண்டாவது பிரசவம் வாணியம்பாடியில். "நாப்பது நாளுக்கு உங்க சரோஜாவை அனுப்புங்க. புள்ளைத் துணி, அந்தக் கையாலதான் தொவைக்கணும்" என்று சம்பந்தி அம்மா கேட்டுவிட்டார். மறுக்க வழியில்லை. பொடியும் இல்லை, மெஷினும் இல்லை. நாற்பது நாள் குழந்தைத் துணி. வாணியம்பாடி பஸ்ஸில்தான் வாழ்க்கையில் முதன்முறையாக ஏறப் பிடிக்காமல் ஏறினேன்.

வாணியம்பாடி வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. தொப், தொப். என் காது அறிந்த சத்தம். நேராகப் பின்னால் போனேன். என் வயதுப் பெண் ஒருத்தி கல்லில் சாக்கை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் போர்வை போர்த்திய ஒன்று உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கை அந்தரத்தில் நின்றது.

"சாக்கா?" என்றேன்.

"சாக்குதான்" என்றாள். "உங்க வூட்ல?"

"சாக்குதான்."

அறைக்குள் படுத்திருந்த ஷாகிரா என் கையைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, எங்கம்மா கிட்ட சொல்லிடாதீங்க. மாமி சத்தியம் வாங்கியிருக்காங்க. மாமி கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்கம்மாவும் சத்தியம் வாங்கியிருக்காங்க." அந்தப் பெண் இரண்டு சத்தியத்துக்கு நடுவில் இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறது.

குழந்தைத் துணி போர்வைக்கு அடியில் சுற்ற, நாற்பது நாளும் நானும் அந்தச் சாக்குக்காரியும் மாற்றி மாற்றிச் சாக்கை அடித்தோம். நான் வந்திருக்கிறேன் என்பதற்காக அவள் அடித்தாள். நான் வந்த வேலைக்காக நான் அடித்தேன். ஒரு நாள் நான் அடித்துக்கொண்டிருக்கையில் சம்பந்தி அம்மா ஜமீலா அம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனைக் கொல்லைப் பக்கம் நீட்டினார். "கேளுங்க சம்பந்தி! உங்க சரோஜா தொவைக்கிற சத்தம்!"

நான் ஓங்கி நாலு போடு போட்டேன். நிறுத்தி மூச்சு வாங்கியபோது போனிலிருந்து சத்தம் வந்தது. தொப், தொப்.

"அங்கயும் தொவைக்கிறாங்களா?" என்றார் சம்பந்தி அம்மா.

"ஆமாமா, எங்க வூட்ல எப்பவும் கையாலதான்" என்றது ஜமீலா அம்மாவின் குரல். மூச்சு இரைத்தது.

நான் கையில் சாக்கோடு நின்றேன். அந்த வீட்டில் சாக்கு அடிக்கிற ஆள் நான் ஒருத்திதான். நான் இங்கே நிற்கிறேன்.

நாற்பதாம் நாள் முடிந்து மேல்விஷாரம் திரும்பினேன். ஜமீலா அம்மா மெஷினுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தை யார் சாயல் என்று கேட்டு நீட்டிய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரலெல்லாம் ஊறின பேரீச்சம்பழம்.

"இன்னாடி பாக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. கைன்னா கைதான்."

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ரெண்டு ஆச்சு" என்றார். "போய் பட்டனை அமுக்கு."